முதலில் வயல் ஓரத்தைப் பாருங்கள்

லக்சோரில் பலூன் ஏறப்போகும் தமிழ்ப் பயணிகளுக்கு,

துபாயிலும் குவைத்திலும் வேலை பார்த்துக்கொண்டு பண்டிகை விடுமுறைக்கு எகிப்துக்குக் கிளம்பும் நண்பர்கள், சென்னையிலிருந்தும் கோவையிலிருந்தும் குழுவாகப் புறப்படும் ஓய்வுபெற்ற ஆசிரியர்கள், புதிதாகத் திருமணமான இளையவர்கள், எல்லோருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். உங்கள் பயணத் திட்டத்தில் கெய்ரோவும் பிரமிடுகளும் நைல் கப்பலும் இருக்கும். லக்சோருக்கு நேரே ‘விடியற்காலை பலூன்’ என்று ஒரு வரியும் இருக்கும். உடம்பும் மனமும் இடம் கொடுத்தால் அவசியம் ஏறுங்கள். ஒரே ஒரு வேண்டுகோள்: மேலே போனதும் கோயிலைத் தேடாதீர்கள். வயல் எங்கே முடிகிறது என்று தேடுங்கள்.

இருட்டு கலையும் முன்பே எழுப்பி, கிழக்குக் கரையிலிருந்து மோட்டார் படகில் அக்கரைக்குக் கொண்டுபோவார்கள். படகிலேயே தேநீரும் ஒரு துண்டு கேக்கும் கிடைக்கும். அக்கரையில் வேன் போய் நிற்கும் வெட்டவெளியில் பல பலூன்கள் சாய்ந்து கிடக்கும். நெருப்பு சீறச் சீற ஒவ்வொன்றாக நிமிரும். விடியலில் பறப்பதற்குக் காரணம் உண்டு. வெயில் ஏறித் தரை சூடேறிவிட்டால் காற்று குமுறத் தொடங்கிவிடும். வெளிக்காற்று குளிர்ந்திருக்கும்போதுதான் உள்ளே அடைத்த சூடான காற்றுக்கு ஏறும் வலு அதிகம். பைலட்டின் கையில் ஏற்றவும் இறக்கவும் மட்டுமே வழி உண்டு. எந்த உயரத்தில் எந்தத் திசைக் காற்று வீசுகிறது என்று பார்த்து, வேண்டிய காற்றில் போய்ச் சேர்ந்துகொள்வார். ஆகவே இன்ன கோயிலுக்கு நேர் மேலே போவோம் என்று யாராலும் வாக்குக் கொடுக்க முடியாது. கொடுத்தால் நம்ப வேண்டாம். ஆனால் காற்று எந்தப் பக்கம் தள்ளினாலும், எவ்வளவு தாழப் பறந்தாலும், வயல் ஓரம் மட்டும் கண்ணுக்குத் தப்பாது.

அது அப்படி ஓர் ஓரம். கரும்பும் கோதுமையும் கால்நடைத் தீவனமும் ஆற்றிலிருந்து பச்சையாக விரிந்து வந்து, ஓரிடத்தில் சட்டென்று நின்றுவிடும். அடுத்த அடியிலிருந்து மணல், பிறகு மஞ்சள் பாறை, பிறகு மலை. நடுவில் புதர்க்காடோ மேய்ச்சல் நிலமோ கிடையாது. ஒரு காலைப் பச்சையிலும் மறு காலைப் பாலையிலும் வைத்து நிற்கலாம். இப்போது அந்தக் கோட்டின் மேல் கண்ணை ஓட்டுங்கள். மெதினத் ஹபு, அதற்கு வடக்கே ராமெசியம், இன்னும் வடக்கே குர்னாவில் சேட்டியின் கோயில் என எல்லாம் அந்த ஓரத்தை ஒட்டியே வரிசையாக நிற்கும். கீழே காரில் சுற்றும்போது ஒவ்வொன்றும் ஒரு நுழைவுச்சீட்டு, ஒரு வண்டி நிறுத்துமிடம் என்று தனித்தனியாகத்தான் தெரியும். அவை ஒரே வரிசை என்பது மேலிருந்துதான் தெரிகிறது. அந்த வரிசையை வகுத்தது ஆறு.

ஒவ்வோர் ஆண்டும் ஆடி, ஆவணி வாக்கில் நைல் பெருகி வயல்களை மூடும். எத்தியோப்பிய மலைகளில் பெய்த மழை அது. வண்டலை விட்டுவிட்டு ஐப்பசி, கார்த்திகையில் வடிந்துவிடும். வெள்ளம் தொட்ட மண் முழுவதும் சோறு போடும் மண். அதில் கல்லை அடுக்கிவைக்க யாருக்கும் மனம் வராது. அதைத் தாண்டி உள்ளே போனால் கல் கொண்டுவரும் படகு எட்டாது. எனவே வெள்ளம் நிற்கும் இடத்துக்குச் சற்று மேலே, வாய்க்கால் வந்து முட்டும் இடத்தில், மன்னர்கள் தங்கள் நினைவுக் கோயில்களைக் கட்டினார்கள். சூரியன் மறையும் மேற்கு இறந்தவர்களின் திசை என்பது அவர்கள் நம்பிக்கை. மன்னரின் உடல் மலைக்குப் பின்னால் உள்ள பள்ளத்தாக்கில் கிடக்கும். அவருக்கான பூசையும் படையலும் வயல் ஓரத்தில் நடக்கும்.

இந்த வரிசைக்கு அடங்காத ஒருவர் மூன்றாம் ஆமென்ஹோதெப். கி.மு. 14ஆம் நூற்றாண்டில் ஆண்ட இவர் தம் கோயிலை வயலுக்கு உள்ளேயே, வெள்ளம் வரும் தாழ்ந்த நிலத்தில் கட்டினார். ஆண்டுதோறும் தண்ணீர் உள்ளே வரட்டும், படைப்பின் தொடக்கத்தில் நீரிலிருந்து மேடு எழுந்ததைப் போலக் கருவறை மட்டும் மேலே நிற்கட்டும் என்று திட்டமிட்டே செய்தார் என்கிறார்கள் ஆய்வாளர்கள் சிலர். எகிப்து கண்ட மிகப் பெரிய கோயில்களில் ஒன்று அது. நிலநடுக்கத்தில் விழுந்து, கற்களைப் பின்வந்த மன்னர்கள் தங்கள் கட்டடங்களுக்கு எடுத்துக்கொண்டுபோக, முன்வாசலில் இருந்த இரண்டு சிலைகள்தான் நெடுங்காலம் தனியாக நின்றன. மெம்னோன் சிலைகள் என்று உங்கள் வழிகாட்டி காட்டும் இரண்டும் அவைதாம். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 18 மீட்டர் உயரம். அவற்றின் பின்புறத்தைக் கவனித்துப் பாருங்கள். ஹூரிக் சுரூசியன் என்ற தொல்லியலாளரின் தலைமையில் 1998 முதல் ஒரு குழு, சேற்றில் புதைந்து கிடந்த மற்ற சிலைகளைத் துண்டு துண்டாக எடுத்துச் சேர்த்து நிமிர்த்தி வருகிறது. தரையிலிருந்து பார்ப்பவர்கள் பெரும்பாலும் முன்னால் உள்ள இரண்டோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். கோயிலின் முழு நீளமும் உங்களுக்கு மேலிருந்து கிடைக்கும்.

விடியற்காலையில் இந்த இடத்துக்கு வந்து கூடுவது புதிய வழக்கமும் இல்லை. கி.மு. 27இல் ஏற்பட்ட நிலநடுக்கத்தில் வடக்குப் பக்கச் சிலை விரிசல் விட்டது. அதற்குப் பிறகு சூரியன் எழும் வேளையில் அதிலிருந்து ஓர் ஒலி வந்தது. அதைக் கேட்கக் கிரேக்கரும் ரோமானியரும் திரண்டு வந்தார்கள். கேட்டவர்கள் சிலையின் காலிலேயே தங்கள் பெயரையும் கவிதையையும் செதுக்கிவைத்தார்கள். கி.பி. 130இல் பேரரசர் ஹாட்ரியன்கூட வந்தார். பின்னால் சிலையைப் பழுதுபார்த்ததும் ஒலி நின்றுபோனதாகச் சொல்வது வழக்கம்.

இனி ராமெசியம். இரண்டாம் ராம்சேஸ் கட்டியது. விழுந்து கிடக்கும் பெரிய சிலையைத்தான் எல்லோரும் தேடுவார்கள். நீங்கள் கோயிலுக்குப் பக்கத்திலும் பின்னாலும் நீள நீளமாக, தேன்மெழுகு நிறத்தில் அடுக்கியிருக்கும் அறைகளைப் பாருங்கள். வளைவுக் கூரையோடு களிமண் செங்கல்லில் கட்டிய பண்டகசாலைகள் அவை. வேகவைக்காத செங்கல் மூவாயிரம் ஆண்டுகளுக்கு மேல் நிற்கிறது. வயலில் விளைந்த தானியம் கோயிலுக்கு வந்து சேர்ந்தது. கோயிலிலிருந்து கூலியாக வெளியே போனது. கோயில் என்றால் கடவுளும் கல்லும் மட்டும் என்று நினைத்தால் அந்த அறைகளின் நீளம் விளங்காது.

அங்கிருந்து மேற்கே, பச்சையை விட்டு விலகி, ஒரு சிறு குன்றுக்குப் பின்னால் பார்வையைச் செலுத்துங்கள். ஒரு மதில், உள்ளே ஒரு தெரு, இருபுறமும் நெருக்கமான சிறு வீடுகளின் அடித்தளங்கள். டெய்ர் எல் மதீனா. மன்னர் பள்ளத்தாக்கின் கல்லறைகளைக் குடைந்து, தேய்த்து, வண்ணம் தீட்டிய தொழிலாளிகளின் ஊர். மதிலுக்குள் எழுபது வீடுகள் அளவுக்கு இருந்தன. தலைமுறை தலைமுறையாக அங்கேயே வாழ்ந்தார்கள். வயல் ஓரத்திலிருந்து அந்த ஊர் எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதை மேலிருந்து உங்கள் கண்ணாலேயே அளந்துகொள்ளலாம். அங்கே தண்ணீர் இல்லை. கழுதை முதுகில் ஏற்றிக் கொண்டுவந்தார்கள். தண்ணீருக்காகத் தோண்டியதாகக் கருதப்படும் பெரும்பள்ளம் ஒன்று ஊருக்கு வடக்கே இருக்கிறது. சுமார் 50 மீட்டர் ஆழம் போயும் ஊற்று இல்லை. பிற்காலத்தில் குப்பை கொட்டிய அந்தக் குழியிலிருந்து ஆயிரக்கணக்கான எழுத்துப் பொறித்த ஓடுகளும் கல்சில்லுகளும் கிடைத்தன. கடன் கணக்கு, சலவைக் கணக்கு, வேலைக்கு யார் வரவில்லை, ஏன் வரவில்லை என்ற குறிப்பு எல்லாம் அவற்றில் இருக்கின்றன.

மூன்றாம் ராம்சேஸின் 29ஆம் ஆட்சியாண்டு, கி.மு. 1157 வாக்கில், இந்த ஊருக்கு வரவேண்டிய தானியக் கூலி வரவில்லை. தொழிலாளிகள் கருவிகளைக் கீழே போட்டார்கள். காவல் மதில்களைத் தாண்டி இறங்கி வந்து மூன்றாம் துத்மோஸின் கோயிலுக்குப் பின்னால் உட்கார்ந்தார்கள். மறுநாட்களில் ராமெசியத்துக்கே வந்து சேர்ந்தார்கள். பசியும் தாகமும்தான் எங்களை இங்கே கொண்டுவந்தன, உடுத்தத் துணியில்லை, எண்ணெயில்லை, மீனில்லை, காயில்லை, மன்னருக்குச் சொல்லியனுப்புங்கள் என்று முறையிட்டார்கள். நிலுவையில் இருந்த கூலி வந்தது. பிறகு மறுபடியும் தவறியது, மறுபடியும் உட்கார்ந்தார்கள். இவ்வளவும் ஒரு பாப்பிரஸ் சுருளில் பதிவாகி, இன்று இத்தாலியின் தூரின் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. உலகில் எழுத்தில் பதிவான முதல் வேலைநிறுத்தம் என்று வரலாற்றாளர்கள் இதைக் குறிப்பிடுகிறார்கள். புத்தகத்தில் படிக்கும்போது அது ஒரு செய்தி. மேலிருந்து பார்க்கும்போது ஊரும் பண்டகசாலையும் வயலும் ஒரே பார்வைக்குள் வந்துவிடும். பச்சைக்கு வெளியே குடியிருந்தவன் ஒவ்வொரு தானிய மணிக்கும் பச்சையின் உள்ளே இருந்தவனை எதிர்பார்த்திருந்தான் என்பது அப்போதுதான் உறைக்கும். நான் இந்த மடலை எழுதியதே பெரும்பாலும் இதற்காகத்தான்.

ஹட்செப்சுட்டின் கோயிலைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. விளம்பரப் படங்கள் எல்லாம் அதைத்தான் காட்டுகின்றன. செங்குத்தான பாறையடியில் மூன்று அடுக்கு மேடைகள். அதன் அச்சுக் கோட்டைக் கிழக்கே நீட்டிப் பாருங்கள். ஆற்றைத் தாண்டிக் கர்னக் கோயிலை நோக்கிப் போகும். ஆண்டுக்கொரு முறை கர்னக்கிலிருந்து ஆமுன் கடவுளின் திருமேனியைப் படகு வடிவப் பல்லக்கில் வைத்துப் பூசாரிகள் தோளில் சுமந்து, ஆற்றைக் கடந்து, மேற்குக் கரைக் கோயில்களுக்கு எழுந்தருளச் செய்தார்கள். உற்சவர் புறப்பாடு பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதை யாரும் விளக்க வேண்டியதில்லை. அன்று மக்கள் தங்கள் முன்னோரின் கல்லறைகளுக்குப் போய்ப் பூவும் உணவும் படைத்து, இரவு முழுவதும் அங்கேயே விருந்துண்டார்கள்.

காற்று வடக்கிலிருந்து வீசினால், பெரும்பாலும் அப்படித்தான் வீசும், நீங்கள் தெற்கே போவீர்கள். அங்கே மெதினத் ஹபுவைத் தாண்டியதும் வரிசை வரிசையாக மண்மேடுகள் தெரியும். கோயிலும் இல்லை, குன்றும் இல்லை என்று எல்லோரும் கைப்பேசியை இறக்கிவிடும் இடம் அது. ஆமென்ஹோதெப் தம் அரண்மனைக்கு முன்னால் வெட்டிய பிர்கத் ஹபு என்ற பெரிய ஏரியின் கரைமண் அவை. ஏரியின் நீளம் ஏறத்தாழ 2 கிலோமீட்டர். ஏரி தூர்ந்து வயலாகிவிட்டது, தோண்டிக் கொட்டிய மண் மட்டும் நிற்கிறது. அதன் முழு அளவும் காற்றில் மிதப்பவர்களுக்கே பிடிபடும். மெதினத் ஹபுவுக்கும் மெம்னோன் சிலைகளுக்கும் இடையே, வளைந்து வளைந்து போகும் களிமண் சுவர்களோடு ஒரு நகரம் வெளிப்பட்டிருப்பதையும் பாருங்கள். 2021இல் உலகுக்கு அறிவித்தார்கள். அதுவும் அதே மன்னரின் காலத்தது.

இப்போது உயிரோடு இருப்பவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். ராமெசியத்துக்குப் பின்னால் மலைச் சரிவில் வெறுமையான திட்டுகளைக் காண்பீர்கள். பழைய குர்னா ஊர் இருந்த இடம் அது. கல்லறைகளின் மேலேயே தலைமுறைகளாக வீடு கட்டி வாழ்ந்தார்கள். ஹஜ் போய்வந்தவர்களின் வீட்டுச் சுவரில் விமானமும் காபாவும் வண்ணத்தில் இருக்கும். கல்லறைகளைக் காப்பாற்ற வேண்டுமென்று அரசு அவர்களை அகற்ற முனைந்தது. 1940களில் கட்டடக் கலைஞர் ஹஸன் ஃபத்ஹி கீழே வயல் நடுவில் களிமண் செங்கல்லால் அழகான புதிய குர்னாவைக் கட்டினார். மக்கள் போக மறுத்தார்கள். பிழைப்பும் உறவும் சரிவிலேயே இருந்தன. கடைசியில் 2006 முதல் வீடுகளை இடித்து அவர்களை வேறு இடத்தில் குடியேற்றினார்கள். கல்லறை ஓவியங்களுக்கு அது நல்லது என்பதை ஏற்கிறேன். ஆனால் அந்தச் சரிவில் நாம் இப்போது காணும் வெறுமை பழமையானது இல்லை. அது இந்த நூற்றாண்டில் உண்டானது. தெரிந்துகொண்டு பாருங்கள்.

கீழே வயல் நடுவில் உள்ள வீடுகளின் மொட்டைமாடிகளுக்கு மேல் பலூன் தாழப் போகும். கோழிக்கூடு, தீவனக் கட்டு, காயும் துணி, பாயில் தூங்கும் குழந்தைகள் என எல்லாம் தெளிவாகத் தெரியும். குழந்தைகள் கையசைத்தால் நீங்களும் கையசையுங்கள். தூங்குபவர்களையும் முற்றத்தில் வேலை செய்யும் பெண்களையும் படம் பிடிக்காதீர்கள். நம் வீட்டு மாடிக்கு மேல் தினமும் விடியலில் அந்நியர்கள் வந்து எட்டிப் பார்த்தால் நாம் பொறுத்துக்கொள்வோமா?

வயல் ஓரத்தை நான் இவ்வளவு வற்புறுத்த இன்னொரு காரணமும் உண்டு. 1970இல் அஸ்வான் பேரணை முடிந்த பிறகு ஆண்டு வெள்ளம் என்பதே இல்லை. அணை மின்சாரமும் வறட்சிக் காலத்தில் பாதுகாப்பும் தந்தது. ஆண்டு முழுவதும் பயிர் செய்ய முடிந்தது. அதனால் ஆண்டு முழுவதும் வயலில் தண்ணீர் நிற்கவும் தொடங்கியது. முன்பு வெள்ளம் வடிந்ததும் நிலத்தடி நீர் இறங்கும். இப்போது இறங்க நேரமில்லை. மணற்கல் அந்த ஈரத்தை அடியிலிருந்து உறிஞ்சுகிறது. மேலே காயும்போது உப்பு பூத்து, செதுக்கிய உருவங்களோடு கல்லின் தோல் உரிகிறது. கர்னக், லக்சோர் கோயில்களைச் சுற்றி வடிகால் அமைத்து 2006இல் நீர்மட்டத்தைக் குறைத்தார்கள். பிறகு மேற்குக் கரையிலும் அந்த வேலை நடந்தது. ஆமென்ஹோதெப் கோயிலைப் பார்க்கும்போது கரும்பு எவ்வளவு நெருங்கி வந்து நிற்கிறது என்று பாருங்கள். உழவரைக் குறை சொல்ல எனக்கு வாய் வரவில்லை, அவருக்கு அது சோறு. ஆனால் அடுத்த தலைமுறை இந்தச் சிற்பங்களைக் காண்பது அந்தச் சில அடி மண்ணில் தேங்கும் ஈரத்தைப் பொறுத்தது.

பாதுகாப்பைப் பற்றிக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். 2013 பிப்ரவரி 26 அன்று இதே மேற்குக் கரையில் 21 பேரோடு இறங்கிக்கொண்டிருந்த பலூன் ஒன்றில் எரிவாயு கசிந்து தீப்பிடித்தது. பைலட்டும் ஒரு பயணியும் மட்டும் குதித்துத் தப்பினார்கள். எடை குறைந்து, தீயின் சூடும் சேர, பலூன் மறுபடியும் மேலே ஏறியது. 19 பேர் இறந்தார்கள். உங்களைப் பயமுறுத்த இதைச் சொல்லவில்லை. கூடையிலிருந்து யாரும் தாமாக இறங்கக் கூடாது என்ற விதி ஏன் இருக்கிறது என்று தெரிய வேண்டும். ஓர் ஆள் இறங்கினாலும் பலூன் எழும்பும். ஏறும் முன்பே தரையிறங்கும் முறையைச் சொல்லிக்கொடுப்பார்கள்: முழங்காலை மடக்கி, கூடையின் உட்புறக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு குனிந்திருக்க வேண்டும். அந்த நேரத்தில் செல்ஃபி எடுக்காமல் காது கொடுங்கள். சொல்லிக்கொடுக்காவிட்டால் கேளுங்கள். மூட்டு வலி உள்ளவர்கள், கூடையில் படி ஏறுவதுபோலக் கால் வைத்து ஏறிக் குதிக்க வேண்டியிருக்கும் என்பதை முன்கூட்டியே யோசித்துக்கொள்ளுங்கள்.

இதைவிட முக்கியமானது, காற்று சரியில்லை, இன்று பறக்கவில்லை என்று சொன்னால் வாக்குவாதம் செய்யாதீர்கள். இவ்வளவு தூரம் வந்தோம், நாளை எங்களுக்குக் கெய்ரோ விமானம் என்று ஏஜென்ட்டை நெருக்குபவர்களை நான் பார்த்திருக்கிறேன். வேண்டாம். லக்சோரில் இரண்டு இரவுக்குத் திட்டமிடுங்கள். முதல் நாள் தவறினால் மறுநாள் இருக்கும். மிகக் குறைந்த விலை சொல்பவரையும் தவிருங்கள்.

நமக்கும் இந்த ஊருக்கும் என்ன உறவு என்று கேட்பவர்கள் குழுவில் ஒருவராவது இருப்பார். இரண்டாம் ராம்சேஸின் பதப்படுத்திய உடலில், மூக்கினுள் கருமிளகு இருந்தது. மிளகு விளைந்தது தென்னிந்தியாவில். பல நூற்றாண்டுகள் கழித்து, செங்கடல் துறைமுகமான குசேர் அல் கதீமில் கணன், சாதன் என்ற பெயர்களைத் தமிழ் பிராமியில் பொறித்த பானையோடுகள் கிடைத்திருக்கின்றன. அங்கே இறங்கிய சரக்கு பாலைவழியே ஒட்டகத்தில் நைல் கரையின் கோப்டோஸ் நகருக்கு வந்தது. அது லக்சோருக்கு வடக்கே சுமார் 40 கிலோமீட்டர். இவ்வளவுதான் உறவு, இதுவே பெரிது. பிரமிடையும் நம்மவர்தான் கட்டினார்கள் என்று வரும் செய்திகளைப் பரப்பி, உண்மையான இந்தச் சான்றுகளின் மதிப்பைக் குறைக்காதீர்கள்.

பலூன் இறங்கியதும் ஒரு சான்றிதழ் தருவார்கள். அதைப் பையில் வைத்துவிட்டு, விடுதிக்குத் திரும்பாமல் மேற்குக் கரையிலேயே இருங்கள். முதலில் டெய்ர் எல் மதீனாவுக்குப் போங்கள். பெரும்பாலான குழுக்கள் இதைத் திட்டத்தில் சேர்ப்பதில்லை, ஏஜென்ட்டிடம் முன்பே கேட்டுச் சேர்க்கச் சொல்லுங்கள். அங்கே செனெட்ஜெம் என்ற தொழிலாளியின் சிறிய கல்லறை இருக்கிறது. சுவரில் அவரும் அவர் மனைவியும் மறுவுலகில் கதிர் அறுக்கிறார்கள், ஏர் ஓட்டுகிறார்கள். வயலைச் சுற்றி நான்கு பக்கமும் நீலத்தில் தண்ணீர் ஓடுகிறது. ஒரு குடம் தண்ணீருக்குக் கழுதையை எதிர்பார்த்திருந்த ஊர்க்காரர் தமக்கென்று வரைந்துகொண்ட சொர்க்கம் அது. பிறகு ராமெசியத்துப் பண்டகசாலைகள், வெயில் தாழ்ந்ததும் மெதினத் ஹபு. மன்னர் பள்ளத்தாக்குக்கு நேரம் போதாவிட்டால் மறுநாளைக்கு வைத்துக்கொள்ளுங்கள். இந்த மூன்றையும் மட்டும் விட்டுவிடாதீர்கள்.

அன்புடன்,
உங்களுக்கு முன்னால் போய்வந்த ஒரு பயணி